டாக்டர், கை கழுவினீங்களா?

ஐ.சி.யு.வில் படுத்திருக்கிறவங்க கழுத்தோரமா ஒரு மெல்லிசு குழாய் போகும், பார்த்திருக்கீங்களா? அதுக்குப் பேர் சென்ட்ரல் லைன். கழுத்து, நெஞ்சு அல்லது தொடை இடுக்கில் இருக்கிற பெரிய ரத்தக்குழாய்க்குள்ள போடுற கதீட்டர். வீரியமான மருந்தெல்லாம் அது வழியாத்தான் போகும். உயிர் காக்கிற சமாச்சாரம்தான். ஆனா, தோலில் குடியிருக்கிற கிருமிகளுக்கும் அது பைபாஸ் ரோடு. ஏறினா நேரா ரத்தம்தான்! வந்த வியாதியை ஜெயிச்சுட்டு, இந்தக் குழாய் தந்த தொற்றில் செத்துப்போனவங்க உண்டு. 'ஐ.சி.யு.ன்னா இதெல்லாம் சகஜம்ப்பா' என்றே ரொம்ப காலம் ஓட்டிட்டாங்க.

அமெரிக்காவில், பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்கிற ஐ.சி.யு. டாக்டருக்கு அது சகஜமாப் படலை. 2001-ல் ஒரு செக்லிஸ்ட் போட்டார். நாளடைவில் அது அஞ்சு பாயின்ட்டா நின்னுச்சு. கையைக் கழுவு. தோலை க்ளோர்ஹெக்சிடினால் சுத்தம் பண்ணு. தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை போட்டுக்கிட்டு, நோயாளியை முழுசா கிருமி நீக்கிய துணியால் மூடு. முடிஞ்சவரை தொடைப் பக்கம் போகாதே. தேவை முடிஞ்சா உடனே குழாயை எடுத்துடு.

'இதுக்கா சார் இத்தனை வருஷம் டாக்டருக்குப் படிச்சோம்?'னு தோணுதுல்ல? அங்கேயும் தோணியிருக்கும். ஆனா, ஒரு மாசம் நர்ஸுங்களை கவனிக்கச் சொன்னப்போ, மூணுல ஒரு பங்குக்கும் மேலான நோயாளிகளுக்கு ஏதாவது ஒரு ஸ்டெப்பை டாக்டர்கள் தாண்டிக் குதிச்சிருந்தது தெரிஞ்சுது. தெரியாம இல்லை. அவசரம். அதோட, வேண்டிய சாமான் ஒண்ணொண்ணும் ஒவ்வொரு மூலையில். அதனால எல்லாத்தையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கினாங்க.

அடுத்து பண்ணினதுதான் மேட்டர். 'டாக்டர் ஒரு ஸ்டெப்பை விட்டா, நர்ஸ் நிறுத்தலாம். நிர்வாகம் நர்ஸ் பக்கம்தான் நிக்கும்'னு சொல்லிட்டாங்க. டாக்டர்களுக்குக் கடுப்பு. 'போலீஸ் வேலை எங்களுக்கு எதுக்கு?'ன்னு நர்ஸுங்களுக்கும் தயக்கம். யோசிச்சுப் பாருங்க, கெமிஸ்ட்ரி லேபில் கண்ணாடி போடாம ஆசிட் ஊத்துற சீனியர்கிட்ட, "அண்ணா, கண்ணாடி?"ன்னு கேட்க நமக்கு வாய் வருமா? அங்கே கேட்க வேண்டியது பெரிய சர்ஜனை!

கேட்டாங்க. இதையே மிச்சிகன் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனாங்க. 103 ஐ.சி.யு.க்களின் கணக்கு 2006 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்துச்சு. 100 பேருக்கு 10 நாள் குழாய் இருந்தா 1,000 குழாய் நாள். அந்த ஆயிரத்துக்கு சராசரி 7.7 தொற்றா இருந்தது, ஒன்றரை வருஷத்தில் 1.4 ஆச்சு. புது மருந்தும் இல்லை, புது மெஷினும் இல்லை.

இங்கிலாந்திலும் 2009-ல் இதே மாதிரி ஆரம்பிச்சாங்க. தொற்று குறைஞ்சது. ஆனா, திட்டத்தில் இன்னும் சேராத ஐ.சி.யு.க்களிலும் குறைஞ்சிட்டே வந்ததால், பெருமை முழுக்க லிஸ்ட்டுக்குத்தான்னு சொல்ல முடியலை. என்னைக் கேட்டா, பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து செவுத்துல ஒட்டறது சுலபம். நர்ஸ் 'நிறுத்துங்க டாக்டர்'னு சொன்னா நிஜமாவே நிக்கிற ஆஸ்பத்திரியை உண்டாக்குறதுதான் கஷ்டம்.

நம்ம வீட்டு ஆள் யாராவது ஐ.சி.யு.வில் இருந்தா, விசிட்டிங் டைமில் முதல்ல நம்ம கையைச் சுத்தம் பண்ணிக்கலாம். குழாய் பக்கம் கை போகாம பார்த்துக்கலாம். அப்புறம் பணிவா ஒரே ஒரு கேள்வி: "சிஸ்டர், அந்த லைன் இன்னும் தேவைப்படுதா?"