வெட்கம் வேண்டாம், சகோதரியே!



இம்மாதத் தலைப்பைப் பார்த்து, "இதையெல்லாம் ஒரு மௌலவி எழுதலாமா?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள அன்சாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அவர்களைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்தத் துணிவில்தான் நானும் எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்கு 22 வயது. நிகாஹ் பேசி முடித்தாயிற்று. மார்பில் ஒரு கட்டி இருப்பது குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. வைத்தியர் கையால் பார்த்து, ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதை எடுத்துப் பரிசோதித்து, "இது புற்றுநோயல்ல, ஃபைப்ரோஅடினோமா" என்று சொல்லிவிட்டார். விட்டுவைக்கலாம், வெட்டி எடுக்கலாம், ஊசி முறையிலும் எடுக்கலாம் என்று மூன்று வழிகளைச் சொல்லி, யோசித்து வரும்படி அனுப்பியிருக்கிறார்.

"ஹஸரத், வெளியே தெரியுமுன் வெட்டி எடுத்துவிட்டால் நல்லதுதானே?" என்றார் தாய். மகளோ திரைக்கு அப்பால் என் மனைவியிடம் மெதுவாக வேறொன்று கேட்டாள்: "பிறகு என்னால் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஏலுமா?"

சகோதரிகளே, முதலில் கேட்க வேண்டிய கேள்வி அந்தப் பிள்ளை கேட்டதுதான்! அதனால் அந்த மூன்று வழிகளையும் விளக்குகிறேன்.

முதலாவது, விட்டுவைத்துக் கவனிப்பது. கைப் பரிசோதனை, ஸ்கேன், ஊசிப் பரிசோதனை மூன்றும் ஒரே முடிவைச் சொல்லி, கட்டியும் சிறிதாக இருந்தால் அவசரம் இல்லை. இவ்வகைக் கட்டி இளம் வயதினருக்கே அதிகம் வருகிறது. பல கட்டிகள் வளராமல் அப்படியே இருக்கும், சில தாமாகவே சுருங்கிவிடும். புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. ஆனால் கர்ப்ப காலத்தில் பெருக்கக்கூடும் என்பதால், சொன்ன தவணைக்கு ஸ்கேனுக்குப் போகாமல் இருக்கக் கூடாது.

இரண்டாவது, சத்திரசிகிச்சை. பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்தே செய்கிறார்கள். கட்டி முழுதாக வெளியே வந்து ஆய்வுகூடத்துக்குப் போகும், சந்தேகம் முற்றாகத் தீரும். தழும்பு தெரியாமல் இருக்க காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் வெட்டுவதுண்டு. ஆனால் பால் நாளங்கள் வந்து சேரும் இடமும் அதுதான். ஆகவே, "இன்னும் பிள்ளை பெறவில்லை, பால் கொடுக்க வேண்டும்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். வெட்டும் இடத்தை வைத்தியர் அதற்கேற்பத் தீர்மானிப்பார்.

மூன்றாவது, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் கட்டியைத் துண்டு துண்டாக உறிஞ்சி எடுப்பது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். சில மில்லிமீற்றர் தழும்புதான் மிஞ்சும். சிறிய கட்டிகளுக்கு இது நல்ல முறை. ஆனால் இரத்தம் கட்டிக்கொள்ளலாம், ஒரு துணுக்கு மிஞ்சினால் மீண்டும் வளரலாம். எல்லா வைத்தியசாலைகளிலும் இவ்வசதி இருக்காது.

கட்டி வேகமாக வளர்ந்தாலோ மிகப் பெரிதாக இருந்தாலோ தழும்புக் கணக்குப் பார்க்கக் கூடாது. அது ஃபிலோடஸ் என்ற வகையாக இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள நல்ல சதையையும் சிறிது சேர்த்து எடுக்காவிட்டால் திரும்ப வரக்கூடும்.

காம்பிலிருந்து இரத்தம் கசிவது வேறு விஷயம். நாளத்துக்குள் வளரும் சிறு தசை அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்த ஒரு நாளத்தை மட்டும் எடுப்பது ஒரு முறை, நாளங்கள் எல்லாவற்றையும் எடுப்பது இன்னொரு முறை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் பால் கொடுக்க முடியாது. குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 233ஆம் வசனம் பாலூட்டலுக்கு இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது, பால் மறக்கடிப்பதைக்கூட கணவனும் மனைவியும் கலந்து பேசிச் செய்யச் சொல்கிறது. அப்படியிருக்க, இதைக் கலந்து பேசாமல் முடிவெடுக்கலாமா?

இனி மார்க்க விஷயங்கள். நோய்க்கு மருத்துவம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். பெண் வைத்தியர் கிடைத்தால் அவரிடமே செல்லுங்கள். கிடைக்காவிட்டால் கணவரோ தாயோ உடனிருக்க ஆண் வைத்தியரிடம் காட்டலாம். தேவையான இடத்தை, தேவையான அளவு மட்டும் திறந்தால் போதும்.

சிகிச்சைக்குப் பின் தொழுகையை விட்டுவிடாதீர்கள். வுழூவில் மார்பைக் கழுவுவதில்லை, ஆகவே கட்டுப் போட்டிருப்பது வுழூவுக்குத் தடையல்ல. கடமையான குளிப்பின்போது கட்டு நனையக் கூடாதென்றால் மற்ற இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் தடவி, தயம்மும் செய்துகொள்ள வேண்டும் என்பது நமது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம்.

"மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல வேண்டுமா?" என்று அந்தத் தாய் கேட்டார். நிகாஹை முறிக்கக் காரணமாக ஃபிக்ஹ் நூல்கள் எண்ணும் குறைகளில் இது இல்லை. ஊரறியச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. ஒரு சாதாரண கட்டிக்காகத் திரும்பிப் போகிறவர், நாளை உங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருப்பாரா?

கொட்டாஞ்சேனையில் ஐம்பதை நெருங்கிய ஒரு சகோதரி, ஆண் வைத்தியருக்குக் காட்ட வெட்கப்பட்டு எட்டு மாதம் கட்டியை மறைத்து வைத்திருந்தார். தூக்கமில்லை, சாப்பாடில்லை. கடைசியில் பார்த்தால் வெறும் நீர்க்கட்டி! ஊசியால் நீரை உறிஞ்ச சில நிமிடங்களே ஆயின. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்புப் புற்றுநோய்க்குத்தான். வயது கூடக்கூட அச்சமும் அவசரமும் கூட வேண்டும்.

மாதவிடாய் முடிந்த பின் மாதம் ஒருமுறை நீங்களே கையால் பரிசோதித்துப் பாருங்கள். சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயங்களில் 1996 முதல் நடந்துவரும் 'வெல் வுமன்' கிளினிக்கில் இலவசமாகப் பார்க்கிறார்கள். நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் நிலையமும் இருக்கிறது.

வெள்ளவத்தைப் பிள்ளை கட்டியை விட்டுவைத்துக் கவனிப்பதென்று முடிவு செய்திருக்கிறாள். முடிவை அவளே எடுத்தாள், தாய் தடுக்கவில்லை. ஆறு மாதத்தில் அடுத்த ஸ்கேன். அதற்கிடையில், இன்ஷா அல்லாஹ், நிகாஹ். அவளுக்காக துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.