விடுமுறையிலும் வீட்டுப்பாடமா?

தவணையின் கடைசி நாளில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் புத்தகப்பை வழமையை விடப் பாரமாக இருக்கும். உள்ளே ஒரு கட்டுப் பயிற்சித்தாள், கணிதத்துக்கு ஒரு கொப்பி, தமிழுக்கு ஒரு கொப்பி, சுற்றாடலுக்கு ஓர் ஒப்படை. இரவானதும் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கு இன்னும் நான்கு பக்கம் வந்து சேரும். தரம் 1 முதல் தரம் 5 வரை படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவும் தேவைதானா?

தேவையில்லை என்பதே எனது கருத்து. விடுமுறையில் பிள்ளை எதையுமே கற்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இன்று கட்டுக்கட்டாகக் கொடுக்கப்படும் வீட்டுப்பாடத்தினால் பிள்ளை கற்பது மிகக் குறைவு. அதனால் ஏற்படும் நட்டமோ அதிகம்.

எமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியமானது. ரமழானுக்காக எமது பாடசாலைகள் மூடப்படுகின்றன. ஏறத்தாழ ஒரு மாதம் நீளும் அந்த விடுமுறைக்கென்றே பெரிய கட்டுகள் தயாராகின்றன. ஆனால் அந்த மாதத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் நாள் எப்படிக் கழிகிறது? ஸஹருக்கு எழும்ப வேண்டும் என்று அடம்பிடிக்கும். அரை நோன்பாவது பிடிக்கும். ஓதப் போகும். அஸருக்குப் பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கஞ்சிக்காகப் பள்ளிவாசல் வரிசையில் நிற்கும். இரவில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தராவீஹ் தொழுகைக்குப் போகும். இதற்கிடையில் நாற்பது, ஐம்பது பக்கம் எழுதுவது எப்போது? பெரும்பாலான வீடுகளில் பெருநாள் முடிந்து, பாடசாலை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் அந்தக் கட்டு திறக்கப்படுகிறது. பிறகு வீடு முழுவதும் சத்தமும் அழுகையும்தான்.

அப்படி எழுதும்போது பிள்ளை எதைக் கற்கிறது? என் தம்பி தரம் 3இல் படிக்கிறான். ஏழாம் வாய்ப்பாட்டைப் பத்துத் தடவை எழுதி வருமாறு ஒரு விடுமுறையில் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அவன் எழுதிய முறையைப் பார்த்தேன். முதலில் பக்கத்தின் மேலிருந்து கீழாக 7, 7, 7 என்று ஒரே வரிசையாக எழுதினான். அடுத்து பெருக்கல் குறிகளை மட்டும் கீழ்நோக்கிப் போட்டான். பிறகு 1, 2, 3 என்று ஒரு வரிசை. பிறகு சமன் குறிகள். கடைசியில் ஒரு பழைய கொப்பியைப் பார்த்து விடைகளை இறக்கினான். பத்துத் தடவையும் இப்படித்தான். "ஏழெட்டு எத்தனை?" என்று கேட்டேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு "ஐம்பத்தாறு" என்றான். அவன் சோம்பேறி அல்ல. கொடுத்த வேலையைச் சீக்கிரம் முடிக்க ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தான், அவ்வளவுதான். எழுதிய பக்கங்கள் நிரம்பின, வாய்ப்பாடு மட்டும் மனதில் ஏறவில்லை.

ஒப்படைகளின் கதை இதைவிட மோசம். "எமது நாட்டு விலங்குகள்", "போக்குவரத்துச் சாதனங்கள்" என்று தலைப்புக் கொடுத்தால், வாப்பா வேலை முடிந்து வரும் வழியில் பிரின்ட் எடுக்கும் கடைக்குப் போகிறார். படங்களைக் கடைக்காரரே தேடி எடுத்துக் கொடுக்கிறார். உம்மா வெட்டி ஒட்டுகிறார். அழகான எழுத்துள்ள ராத்தா தலைப்பு எழுதுகிறார். பிள்ளை தன் பெயரை எழுதுகிறது. இதைப் படிக்கும் பெற்றோரில் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

இப்படிச் செய்து கொடுக்க ஆளில்லாத வீடுகளும் இருக்கின்றன. உம்மா வெளிநாட்டில் பணிப்பெண்ணாக இருக்க, உம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் எம்மிடையே உள்ளனர். இடையில் படிப்பை விட்ட தாய்மார் இருக்கின்றனர். கடற்றொழிலுக்குப் போய் நாட்கணக்கில் வீட்டுக்கு வராத வாப்பாமார் இருக்கின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு நிறப் படம் ஒன்றைப் பிரின்ட் எடுப்பதும் சில வீடுகளுக்குச் செலவுதான். இத்தகைய வீட்டுப் பிள்ளையின் கட்டு பாதி வெறுமையாகத் திரும்பி வருகிறது. சில வேளைகளில் பிள்ளையே வருவதில்லை. தவணையின் முதல் நாள் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றுவிடுகிறது.

1945இல், சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், இந்த நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பெற்றோரின் வசதி பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கக் கூடாது என்பதே அதன் உயிர்நாடி. வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆசிரியர், ஒரே கரும்பலகை. விடுமுறை வீட்டுப்பாடமோ ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் வீட்டின் வசதியோடு தனியே விட்டுவிடுகிறது. பிறகு அதற்குப் புள்ளியும் போடுகிறது. அந்தப் புள்ளி பிள்ளைக்கா, வீட்டுக்கா?

ஆசிரியர்களை நான் குறை கூறவில்லை. ஒரு வகுப்பில் 35 பிள்ளைகள், ஆளுக்கு 40 பக்கம் என்று வைத்துக்கொண்டால் 1400 பக்கங்கள். புதிய தவணையின் முதல் வாரத்தில் எந்த ஆசிரியரால் அத்தனையையும் வாசித்துத் திருத்த முடியும்? ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சரி அடையாளமும் திகதியும் விழும். தான் எழுதியதை எவரும் வாசிக்கவில்லை என்பதைப் பிள்ளை உடனே புரிந்துகொள்கிறது. எழுதுவது என்றால் பக்கத்தை நிரப்புவது என்று எட்டு வயதில் பழகிவிட்டால், பின்னாளில் அந்தப் பிள்ளை எப்படிச் சிந்தித்து எழுதும்? இலக்கிய மஞ்சரிக்கு ஆக்கம் கேட்டால் இணையத்தில் இருந்து இறக்கிக் கொடுக்கும் பழக்கத்தின் தொடக்கமும் இதுவாக இருக்கலாம்.

மேலும், எமது ஆரம்பக் கல்வியே எழுத்துவேலையை மட்டும் நம்பி அமைக்கப்பட்டதல்ல. 1999இல் நாடு முழுவதும் அறிமுகமான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்று வழிகளை வகுத்தது. தரம் 1, 2இல் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம். தரம் 3, 4இல் மூன்றுக்கும் சம இடம். தரம் 5இல்தான் எழுத்துவேலை முன்னுக்கு வருகிறது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரையும் ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. பாடசாலை நாட்களிலேயே விளையாட்டு வழிக் கற்றல் வேண்டும் என்றால், விடுமுறை நாட்களில் எழுத்துவேலை மட்டும் போதும் என்பது எந்த வகையில் பொருந்தும்?

இனி, மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். "ஒரு மாதம் ஒன்றும் செய்யாமல் விட்டால் எல்லாம் மறந்துபோகும்" என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அது உண்மைதான். அமெரிக்காவில் பேராசிரியர் ஹரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் நீண்ட கோடை விடுமுறை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்டனர். கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் பிள்ளைகள் பின்தங்குவதாக அது காட்டியது. வாசிப்பிலோ வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே பின்தங்கினர். ஆனால் அதே கூப்பர் வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டபோது, மேல் வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் பெறுபேற்றுக்கும் இருக்கும் தொடர்பு ஆரம்ப வகுப்புகளில் மிகவும் பலவீனமாக இருப்பதையே கண்டார். ஆகவே மறதி உண்மை என்றாலும், கட்டுக்கட்டாக எழுதுவது அதற்கு மருந்தாகும் என்று சொல்ல முடியாது.

"வீட்டுப்பாடம் இல்லாவிட்டால் பிள்ளை நாள் முழுதும் போனைத்தான் பார்க்கும்" என்பது பெற்றோரின் கவலை. நியாயமான கவலை. ஆனால் இன்று வீட்டுப்பாடமே போனுக்குத்தான் வருகிறது. அதைப் பார்த்து எழுத வாங்கிய போன், எழுதி முடிந்த பிறகும் பிள்ளையின் கையிலேயே இருக்கிறது.

மூன்றாவது, புலமைப்பரிசில் பரீட்சை. தரம் 5 பிள்ளைகளுக்கு விடுமுறையில் எதுவும் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பரீட்சை இருக்கும் வரை மாதிரி வினாத்தாள்களும் இருக்கும். வாரத்துக்கு ஒன்று போதும் என்றே கேட்கிறேன். ஆனால் தரம் 3 பிள்ளையையும் அதே ஓட்டத்தில் சேர்த்துவிடுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

அப்படியானால் விடுமுறைக்கு என்ன கொடுக்கலாம்? நான் மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கதைப் புத்தகம். தவணை முடிந்ததும் நூலக அலுமாரிகளைப் பூட்டிவிடுகிறோம். பிள்ளைக்கு வாசிக்க நேரம் கிடைக்கும் மாதத்தில் புத்தகங்கள் பூட்டிக் கிடக்கின்றன. கடைசி நாளில் அந்த அலுமாரியைத் திறந்து, பிள்ளையே விரும்பித் தெரிந்தெடுக்கும் ஒரு புத்தகத்தைக் கொடுத்தனுப்பலாம். இரண்டு மூன்று கிழிந்து வரலாம், ஒன்று தொலையலாம். போட்டோகொப்பிக்கென்று பெற்றோரிடம் சேர்க்கும் காசில் அவற்றுக்குப் பதிலாகப் புதியவை வாங்கலாம்.

இரண்டாவது, எழுதாமல் செய்யும் வேலை. பித்ரா அரிசி அளக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு இவ்வளவு என்றால் வீட்டில் ஏழு பேருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வட்டிலப்பத்துக்கு முட்டையை எண்ணச் சொல்லுங்கள். கடைக்கு அனுப்பி மிச்சக் காசைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். மூத்தம்மாவின் காலத்தில் பெருநாள் எப்படி இருந்தது என்று கேட்டுவரச் சொல்லுங்கள். தவணையின் முதல் நாள் வகுப்பில் எழுந்து நின்று பிள்ளை அதைச் சொல்லட்டும். ஆசிரியர் திருத்த வேண்டியது எதுவும் இல்லை, கேட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத மூத்தம்மாவும் இந்த வீட்டுப்பாடத்துக்கு உதவலாம்.

மூன்றாவது, உண்மையிலேயே பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிக் கவனம். ஒவ்வொரு வகுப்பிலும் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படும் நான்கைந்து பேர் இருப்பார்கள். அவர்கள் யார் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். அவர்களுடைய பெற்றோரை அழைத்து, நாளுக்குப் பத்து நிமிடம் எதை, எப்படிச் சத்தமாக வாசிக்க வைப்பது என்று காட்டிக் கொடுக்கலாம். வீட்டில் ஆளில்லாவிட்டால் அயலில் இருக்கும் எம்மைப் போன்ற மேல்வகுப்பு மாணவிகள் அந்தப் பத்து நிமிடத்தைப் பொறுப்பெடுக்கலாம். நான் தயாராக இருக்கிறேன். இதை வாசிக்கும் தோழியரில் பலரும் தயாராக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அன்பின் பெற்றோரே, விடுமுறைக் கட்டு தடித்துப்போனதற்கு நீங்களும் ஒரு காரணம். "அந்த வகுப்பு டீச்சர் இவ்வளவு கொடுத்திருக்கிறார், எங்கள் டீச்சர் ஒன்றும் கொடுக்கவில்லையே" என்று பாடசாலை வாசலில் நீங்கள் பேசுவது ஆசிரியரின் காதுக்கும் எட்டுகிறது. அடுத்த விடுமுறைக்கு உங்கள் பிள்ளை ஒரேயொரு கதைப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தால் அப்படிப் பேசாதீர்கள். அன்றிரவே பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, முதல் பக்கத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

(உயர்தரக் கலைப் பிரிவு மாணவி)