எந்த வண்டியை உடைக்க வேண்டும்?

பதினைந்து வயதைத் தொட்ட காரோடு பட்டறைக்கு வருகிறவர் முன்பெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: இன்னும் கொஞ்சம் செலவு செய்தால் எத்தனை வருஷம் ஓடும்? இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பழைய வண்டி ஊரைக் கெடுக்கிறது என்கிறார்களே, கொடுத்துவிட்டுப் புதிதாக எடுத்துவிடலாமா? இந்தக் கேள்விக்கு அரசு தன் பங்குக்கு விடை சொல்லிவிட்டது. 2021 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட வாகனக் கழிப்புக் கொள்கை அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. 15 ஆண்டு முடிந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 15 ஆண்டைக் கடந்த அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரலோடு ஓட்டம் முடிந்தது. இந்தக் கட்டணத்துக்கும் தடைக்கும் அளவுகோல் வண்டியின் வயதுதான். தொழில் தெரிந்தவர்கள் இதை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. ஒரு காரை மாற்றினால் சூழலுக்கு நன்மையா என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அது ஆண்டுக்கு எவ்வளவு ஓடுகிறது, எந்த எரிபொருளில் எந்தத் தரநிலையோடு வந்தது, இன்று எந்த நிலையில் இருக்கிறது. வயது இந்த மூன்றையும் தோராயமாகக் குறிக்கும், அவ்வளவே. சில வண்டிகளில் முற்றிலும் தவறாகவே குறிக்கும்.

முதலில் கரியமிலக் கணக்கு. புதிய கார் ஷோரூமை விட்டு இறங்கும்போதே ஒரு கடனோடுதான் இறங்குகிறது. இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக், கண்ணாடி, ஆலை மின்சாரம் எல்லாம் சேர்த்தால் நடுத்தரப் பெட்ரோல் கார் ஒன்றின் தயாரிப்பில் பொதுவாக 5 முதல் 10 டன் வரை கரியமில வாயு வெளியாகிறது. அதை 6 டன் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. எண்ணெய் எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவருவதில் வெளியாவதையும் சேர்த்தால் சுமார் 2.8 கிலோ. பழைய கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், புதியது 20 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றும், குடும்பத்தின் ஓட்டம் ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் என்றும் கொண்டால் மிச்சமாகும் பெட்ரோல் சுமார் 171 லிட்டர், அதாவது 480 கிலோ கரியமிலம். 6 டன் கடனை இந்த மிச்சத்திலிருந்து அடைக்க பன்னிரண்டரை ஆண்டு பிடிக்கும். அதே கார் வாடகை வண்டியாக ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 1,500 கிலோ, கடன் நான்கே ஆண்டில் அடைந்துவிடும். வண்டியின் வயது இரண்டிலும் ஒன்றுதான். விடையை மாற்றியது ஓட்டம்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. பழைய கார் என்றென்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கப் போவதில்லை, என்றாவது ஒருநாள் புதிய கார் தயாராகத்தான் போகிறது, அப்படியிருக்க முழு 6 டன்னையும் இன்றைய முடிவின் தலையில் கட்டுவது நியாயமா என்பார்கள். நியாயமில்லைதான். இப்போதே மாற்றுவதால் நேர்வது, தயாரிப்பு சில ஆண்டுகள் முன்கூட்டியே நடப்பது மட்டுமே. ஆகவே 6 டன்னைப் புதிய காரின் 15 ஆண்டு ஆயுளுக்குப் பிரித்து, ஆண்டுக்கு 400 கிலோ என்று பற்று எழுதுவதே சரியான முறை. அப்படிப் பார்த்தால் 8,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்கு வரவு 480, பற்று 400. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். 4,000 கிலோமீட்டர் ஓடும் ஓய்வூதியருக்கு வரவு 240, பற்று 400. அவர் காரை மாற்றுவது சூழலுக்கு நஷ்டம். 25,000 ஓடும் வாடகைக் காரின் ஆயுளைப் பத்தே ஆண்டாகக் குறைத்துப் பற்றை 600 ஆக்கினாலும் வரவு 1,500. அதை மாற்றத் தயங்க வேண்டியதில்லை. மறுப்பை முழுதாக ஏற்றுக்கொண்ட பிறகும் ஓட்டமே தீர்மானிக்கிறது. விளிம்பு மட்டும்தான் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

2009-இல் அமெரிக்கா பழைய வண்டிகளை மாற்ற 300 கோடி டாலர் ஒதுக்கிய திட்டத்தை இங்கே பலர் முன்னுதாரணமாகக் காட்டுகிறார்கள். சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 6.8 லட்சம் வண்டிகள் அதில் மாற்றப்பட்டன. திரும்ப ஓடாதபடி அவற்றின் எஞ்சின்களுக்குள் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றிப் பாழாக்கினார்கள். ஒப்படைக்கப்பட்டவற்றின் சராசரி மைலேஜ் கேலனுக்கு 15.8 மைல், வாங்கப்பட்டவற்றுக்கு 24.9 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 6.7 கிலோமீட்டரிலிருந்து 10.6. அவ்வளவு குடிக்கும் வண்டியை ஒழித்தால் மிச்சம் பெரிதாகத்தான் இருக்கும். நம் சாலைகளில் வயதேறி நிற்பவை வேறு ரகம். 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்ற மாருதி 800-இன் எடை சுமார் 650 கிலோ. அதைக் கொடுத்துவிட்டு இன்று எடுப்பது பெரும்பாலும் 1,100 கிலோவுக்கு மேற்பட்ட காம்பாக்ட் எஸ்.யூ.வி. எஞ்சின் நுட்பத்தில் பதினைந்து ஆண்டுகளாகக் கிடைத்த முன்னேற்றத்தில் பெரும்பங்கைக் கூடுதல் எடையும் அகலமான டயரும் தின்றுவிடுகின்றன. பட்டறைக்கு வந்து கேட்பவருக்கு விடை சொல்லும் முன், எதை எடுக்கப் போகிறீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்பது இதனால்தான் அவசியமாகிறது.

இரண்டாவது, புகைக் கணக்கு. கரியமிலம் உலகத்துக்குப் பொது. நுண்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் அந்தத் தெருவில் நிற்பவரின் நுரையீரலுக்குப் போகின்றன. பழைய வண்டிக்கு எதிரான வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. டீசல் காருக்கான துகள் வரம்பு பாரத் ஸ்டேஜ் 3 (பி.எஸ்.3) தரநிலையில் கிலோமீட்டருக்கு 0.05 கிராம், பி.எஸ்.4-இல் 0.025, பி.எஸ்.6-இல் 0.0045. பதினொரு மடங்கு வித்தியாசம். நைட்ரஜன் ஆக்சைடு வரம்பும் பி.எஸ்.4-இன் 0.25 கிராமிலிருந்து 0.08 ஆகக் குறைந்தது. துகள் வடிகட்டி (டி.பி.எஃப்.) இல்லாத பழைய டீசலை எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் இந்த அளவுக்குக் கொண்டுவர முடியாது. பெட்ரோலில் கதை வேறு. பி.எஸ்.4 பெட்ரோல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 0.08, பி.எஸ்.6-இல் 0.06. கார்பன் மோனாக்சைடு வரம்பு இரண்டுக்கும் 1 கிராம்தான். ஆகவே நகருக்குள் நாள்தோறும் ஓடும் பழைய டீசல் வேனை மாற்றுவதற்கும், வாரம் ஒருமுறை வெளியே வரும் பி.எஸ்.4 பெட்ரோல் காரை மாற்றுவதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருக்கிறது. வயது இந்த வித்தியாசத்தைக் காட்டாது. பி.எஸ்.4 சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு 2010-இல் வந்தது, நாடு முழுவதற்கும் 2017-இல்தான் வந்தது. 2012-இல் பதிவான இரண்டு கார்களில் ஒன்று பி.எஸ்.4 ஆகவும் மற்றொன்று பி.எஸ்.3 ஆகவும் இருக்க முடியும்.

தரநிலை என்பதும் வண்டி ஆலையை விட்டு வந்த நாளின் நிலைதான். சாலையோரக் கருவிகளால் ஓடும் வண்டிகளின் புகையை அளந்த டென்வர் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்டெட்மன் குழு பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: சுமார் பத்தில் ஒரு பங்கு வண்டிகளே கார்பன் மோனாக்சைடில் ஏறக்குறைய பாதியைக் கக்குகின்றன. பராமரிப்பில்லாத புதிய கார், ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளப்பட்ட பழைய காரைவிட மோசமாக இருக்கலாம் என்பதும் அதில் தெரியவந்தது. செத்துப்போன ஆக்சிஜன் சென்சார், உடைந்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், ஒழுகும் இன்ஜெக்டர், சரிசெய்வதற்குப் பதில் மூடிவைத்த இ.ஜி.ஆர். ஆகியவை எந்த வயது வண்டியையும் கெடுக்கும். புதிய முத்திரையை மட்டும் நம்பக் கூடாது என்பதை 2015-இல் அம்பலமான ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடி உலகுக்கே காட்டியது. உண்மைச் சாலையில் ஓட்டி அளக்கும் சோதனை இந்தியாவில் கட்டாயமானது 2023 ஏப்ரலில்தான். நம் புகைப் பரிசோதனை மையங்களோ பெட்ரோலுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும், டீசலுக்குப் புகையின் அடர்த்தியையும் மட்டுமே பார்க்கின்றன. நைட்ரஜன் ஆக்சைடையோ நுண்துகளையோ அளப்பதில்லை. எந்த வண்டி கெட்டது என்று கண்டுபிடிக்கும் கருவி கையில் இல்லாதபோது வயதைப் பிடித்துக்கொள்வது நிர்வாகத்துக்கு எளிதாக இருக்கிறது.

அந்த எளிய வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு டெல்லியே சான்று. 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2014-இலும், 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-இலும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்கில் எரிபொருள் கொடுக்கக்கூடாது என்ற உத்தரவு வந்து, எதிர்ப்பு கிளம்பவே சில நாளிலேயே நின்றது. வயதை மட்டும் காரணமாக வைத்து நடவடிக்கை வேண்டாம் என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4-க்கும் அதற்கு மேற்பட்டவைக்கும் மட்டுமே என்று சுருக்கியது. பதினோரு ஆண்டு சுற்றிவந்து, அளவுகோல் வயதிலிருந்து தரநிலைக்கு நகர்ந்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் டெல்லியில் தடைபட்ட பல வண்டிகள் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு வேறு மாநிலங்களில் ஓடின. புகை குறையவில்லை, இடம் மாறியது. நாடுகளுக்கிடையிலும் இதே கதைதான். 2015 முதல் 2018 வரை ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்காவிலிருந்து 1.4 கோடி பழைய இலகு வாகனங்கள் ஏற்றுமதியாகின, அவற்றில் சுமார் 40 சதவீதம் ஆப்பிரிக்காவுக்குப் போயின என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020-இல் கணக்குக் காட்டியது.

மின்கார் வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். போட்டுப் பார்த்துவிடுவோம். பேட்டரிக்காகத் தயாரிப்பில் இன்னும் 2 முதல் 3 டன் கூடுகிறது. மொத்தம் எட்டரை டன் என்றால் ஆண்டுக்குப் பற்று சுமார் 570 கிலோ. நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமிலம். வழியில் இழக்கும் மின்சாரத்தையும் சேர்த்தால் மின்கார் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.12 கிலோ, நம் பழைய பெட்ரோல் கார் 0.2 கிலோ. 8,000 கிலோமீட்டருக்கு வரவு 640, 25,000 கிலோமீட்டருக்கு 2,000. வாடகை வண்டிக்கு இது பெரிய லாபம், அதிலும் தெருவில் புகையே இல்லாத லாபம். வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவருக்கும், காற்றாலை மின்சாரம் பெருகப் பெருக எல்லோருக்கும், கணக்கு இன்னும் சாதகமாகும். ஆனால் 4,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு வரவு 320 தான். அவர் இருக்கும் வண்டியை அது தாங்கும்வரை ஓட்டிவிட்டு அடுத்ததாக மின்காருக்குப் போவதே மேல். மின்கார் வந்ததால், அதிகம் ஓடுபவர் முதலில் மாற வேண்டும் என்ற வரிசை இன்னும் அழுத்தமாகிறது.

வண்டி போய்ச் சேரும் இடத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும், அது நம் கைக்குள் இருப்பதால். ஏ.சி.யில் இருக்கும் ஆர்.134ஏ வாயு கரியமிலத்தைப் போல சுமார் 1,400 மடங்கு சூடேற்றும். அரை கிலோ வாயுவை மீட்டெடுக்காமல் குழாயை அறுத்துவிட்டால் 700 கிலோ கரியமிலத்துக்குச் சமம். 8,000 கிலோமீட்டர் குடும்பத்துக்கு மாற்றியதால் கிடைத்த நிகர லாபம் ஆண்டுக்கு 80 கிலோ என்று மேலே கண்டோம். ஒன்பது ஆண்டு லாபம் ஒரு நிமிடத்தில் காற்றில் போகிறது. ஒழுகும் ஏ.சி.யோடு ஓடும் பழைய காருக்கும் இதே கணக்குத்தான், ஆகவே பழையதை வைத்துக்கொள்ளச் சொல்பவர் கசிவையும் அடைத்துத் தர வேண்டும். எஞ்சின் ஆயில், பேட்டரி அமிலம், பிரேக் ஆயில் ஆகியவை மண்ணில் இறங்காமல் பிரித்தெடுக்கும் பதிவுபெற்ற கழிப்பு மையங்கள் தேவை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே நேரத்தில் சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகள் கழற்றி விற்கும் கியர்பாக்ஸும் கதவும் இன்னொரு வண்டியின் ஆயுளை நீட்டுகின்றன. மறுபயன்பாட்டின் உயர்ந்த வடிவம் அது. அந்தத் தொழிலாளர்களுக்கு வாயு மீட்புக் கருவியும் பயிற்சியும் கொடுத்து முறைக்குள் கொண்டுவருவதே அறிவுடைமை.

பாதுகாப்பு என்ற வாதம் ஒன்று மிஞ்சுகிறது. ஏர்பேக், ஏ.பி.எஸ். இல்லாத காரை மாற்ற அது நல்ல காரணம்தான். அப்படியே வாடிக்கையாளரிடம் சொல்லலாம். அதற்குச் சுற்றுச்சூழல் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. நம் துறை செய்யக்கூடியது தெளிவாக இருக்கிறது. விற்பனைக்காக மாற்றச் சொல்லவும் கூடாது, வேலை கைவிட்டுப் போகும் என்று வைத்திருக்கச் சொல்லவும் கூடாது. ஓடோமீட்டர், தரநிலை, புகைச்சோதனை முடிவு ஆகிய மூன்றையும் வைத்து, மாற்றுங்கள் அல்லது வைத்திருங்கள் என்று எழுத்தில் கொடுக்கும் பழக்கத்தை ஒவ்வொரு பட்டறையும் தொடங்க வேண்டும். தகுதிச் சான்றை (எஃப்.சி.) புதுப்பிக்கும்போது ஆண்டு ஓட்டத்தைப் பதிவு செய்யவும், மறுபதிவுக் கட்டணத்தை ஓட்டத்தோடும் தரநிலையோடும் இணைக்கவும், கழிப்புச் சலுகையை அதிகம் ஓடும் பழைய டீசல் வேன், லாரி, வாடகை வண்டிகளுக்கு முதலில் கொடுக்கவும் அரசை நாம் கேட்க வேண்டும். ஒரே தொகையைச் செலவழித்தால் எந்த வண்டியை உடைப்பதில் அதிகப் புகை குறையும் என்பதைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் நாம்தான். அந்தக் கணக்கைப் போடாமல் பிறந்த தேதியை மட்டும் பார்த்து உடைத்தால், ஓடாத கார்கள் உடைப்புக்குப் போகும், கரும்புகை கக்குபவை பக்கத்து மாவட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.