ஒழுகும் காரும் ஒத்திப்போடும் மனமும்



2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலையில் பெருகிய வெள்ளத்தை நாம் இன்றும் பேசுகிறோம். ஆனால், வெள்ளமே காணாத காருக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கும் நீரைப் பற்றி எவரும் பதறுவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஈசூன் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடங்களில் கால்விரிப்புகள் சுவரில் உலர்வது புதிய காட்சியன்று. விரிப்பு உலர்ந்ததும் வாசனைப் புட்டி ஒன்றை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். அது தீர்வன்று, மூடி மறைத்தலே என்பது என் கருத்து.

காரின் தரைவிரிப்புக்கு அடியில் பஞ்சு போன்ற தடித்த அடுக்கு உண்டு. மேலே தொட்டால் உலர்ந்திருக்கும். அடியிலோ வாரக்கணக்கில் நீர் தேங்கியிருக்கும். பல கார்களில் மின்கம்பி இணைப்புகள் செல்வதும் அவ்வழியேதான். துருவும் பூஞ்சையும் அங்கே வளர்கின்றன. இழுப்பு நோயுள்ள குழந்தை அந்தக் காற்றையே சுவாசித்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறது.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருத்துவம் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் காட்டும் ஒழுங்கு. காருக்கும் அதுவே பொருந்தும்.

முதற்கேள்வி இது: மழையில்லாத நாளிலும் ஈரமாகிறதா? ஆம் எனில், குளிர்சாதனத்தை ஐயுறுங்கள். நம் காற்றின் ஈரப்பதம் அங்கே நீராகி, ஒரு சிறு குழாய் வழியே காருக்கு அடியில் சொட்ட வேண்டும். குழாய் அடைபட்டால் அந்நீர் உள்ளே திரும்பும். பெரும்பாலும் முன்னிருக்கைக் காலடி நனையும். நீர் நிறத்தோடும் இனிய மணத்தோடும் பிசுபிசுத்தால், அது எந்திரக் குளிர்நீர். உடனே பட்டறைக்குச் செல்லுங்கள்.

மழைநாளில் மட்டும் ஈரமானால், முன்கண்ணாடியின் அடிப்பள்ளத்தைப் பாருங்கள். தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் வடிகாலை எளிதில் அடைத்துவிடும். சன்ரூஃப் உள்ள கார்களில், ரப்பரைத் தாண்டி வரும் நீரை மூலைகளிலுள்ள குழாய்கள் வெளியேற்றுகின்றன. குழாய் அடைபட்டிருக்கும்போது மேலே சிலிக்கான் பூசிப் பயனில்லை. கதவுக்குள் இறங்கும் நீர் அடித்துளைகள் வழியே வெளியேறும். உட்புற நெகிழித்தாள் கிழிந்திருந்தால் காருக்குள் கசியும்.

சோதிக்க இருவர் வேண்டும். ஒருவர் கைவிளக்குடன் உள்ளே அமரட்டும். மற்றவர் கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஓரிடத்தில் மட்டும், பொறுமையாக நீர் ஊற்றட்டும். கார் முழுவதையும் ஒரேயடியாக நனைத்தால், நீர் நுழைந்த வழி தெரியாது.

"கண்டுபிடிப்பதற்கே காசா?" என்று பட்டறையில் வாதிடுவோர் பலர். அதனால்தான் சில பட்டறைகளும் கண்ட இடத்தில் பசையைப் பூசி அனுப்புகின்றன. பிழையைத் திருத்துவதைவிட அதன் காரணத்தைக் கண்டறிவதே கடினம் என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் நன்கறிவோம். அந்த உழைப்புக்கு மனமுவந்து பணம் கொடுப்பதே முறை.

இன்னொரு சாக்கும் உண்டு. "வாகன உரிமைச் சான்றிதழ் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள்தானே!" பத்தாண்டு முடிந்ததும் எல்லாக் கார்களும் அழிக்கப்படுவதில்லை. சான்றிதழை ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்து ஓட்டுவோரும் உளர். இடையிலேயே கைமாறும் கார்களும் ஏராளம். ஈரத்தை நறுமணத்தால் மறைத்து விற்பது, வாங்கும் குடும்பத்துக்குத் தெரிந்தே செய்யும் தீங்கு. பழைய கார் வாங்கும் நண்பர்களே, வண்ணப்பூச்சின் பளபளப்பைப் பார்க்குமுன் விரிப்பைத் தூக்கி, அடிப்பஞ்சை அழுத்திப் பாருங்கள். விற்கும் நண்பர்களே, அவர்கள் தூக்குமுன் நீங்களே தூக்கிக் காட்டுங்கள்.