'ஆட்கள் தேவை!'

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நடந்து பாருங்கள், தோழர்களே! மின்கம்பத்திலே ஒரு தாள்; தேநீர்க் கடைச் சுவரிலே ஒரு தாள்; கைப்பேசியைத் திறந்தால் அங்கேயும் அதே அழைப்பு. 'ஆட்கள் தேவை. ஐ.டி.ஐ. தேறியவர்கள். வயது 18 முதல் 25 வரை. உணவு, பேருந்து வசதி உண்டு.'

படிக்கிறோம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்கிறோம், மறந்துவிடுகிறோம். வேலை தேடுகிறவன் மட்டுமே படிக்க வேண்டிய தாள் அது என்று எண்ணிவிட்டோம். தவறு, பெருந்தவறு! நிறுவனம் தன் உள்ளமைப்பைத் தன் கையாலேயே எழுதி ஊரறிய ஒட்டும் சாசனம் அது. கணக்கேட்டைக் காட்ட மறுக்கும் முதலாளியும், சம்பளப் பட்டியலைப் பூட்டி வைக்கும் முதலாளியும், ஆள் வேண்டுமென்றால் வாய் திறந்துதானே ஆகவேண்டும்? அவர்கள் வாய் திறக்கும் வேளையில் நாம் காதைத் திறந்து வைத்திருக்கிறோமா?

எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். நான்கு கேள்விகள் போதும். அழைப்பவர் யார்? ஆலையா, ஆலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரா? அழைக்கப்படுபவருக்கு என்ன பெயர்? தொழிலாளியா, பயிற்சியாளரா, பழகுநரா, குறித்த கால ஊழியரா? அவர் யாருக்குக் கீழே? ஆலையின் மேற்பார்வையாளருக்கா, ஒப்பந்தக்காரரின் மேஸ்திரிக்கா? எத்தனை பேர், எத்தனை முறை? ஆலையில் புதிய இயந்திரம் ஒன்றும் வரவில்லை. ஆனால் அதே வேலைக்கு மாதந்தோறும் அழைப்பு வருகிறது என்றால், பொருள் என்ன? வந்தவர் நிலைப்பதில்லை, அல்லது நிலைக்க விடுவதில்லை என்பதுதானே!

ஆறு மாத விளம்பரங்களை ஒரு மேசையில் பரப்புங்கள். அடிமரம் எது, கிளை எது, காற்றடித்தால் உதிரப்போகும் சருகு எது என்பது தானே தெரியும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 1961 ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் அதன் விதிகளும், 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் மொத்த ஆள்பலத்தில் 2.5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடு வரை பழகுநரை எடுக்க வேண்டும் என்று 2019 இல் வரம்பு கட்டின. அந்த ஆள்பலத்தில் ஒப்பந்தத் தொழிலாளரும் சேர்த்தி. ஓர் ஆலை 150 பழகுநரை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அங்கே 1,000 பேருக்குக் குறையக்கூடாது. சங்கத்தின் ஏட்டிலோ நிரந்தரத் தொழிலாளர் 400 பேர். அலுவலர் 100 பேரைக் கழியுங்கள். எஞ்சிய 500 பேர் எங்கே? ஒப்பந்தத் தொழிலாளர் அத்தனை பேர் உண்டு என்று நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வரம்பை மீறியதை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் உண்மை வெளிவரும்!

அதே சட்டத்தின் 18 ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர் என்கிறது. 2016 இல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டமோ, அவருக்குத் தரும் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்கும் என்றது. இளைஞன் தொழில் கற்பதை நாம் எதிர்க்கவில்லை. கற்றுத் தேர்ந்த கைதான் இந்தத் தொழிற்பகுதியை எழுப்பியது. கற்பவன் என்று பெயர் சூட்டி, உற்பத்தி வரிசையிலே தொழிலாளியின் இடத்தில் நிறுத்துவதைத்தான் எதிர்க்கிறோம். 2025 செப்டம்பரில் திருவொற்றியூர் எம்.ஆர்.எஃப். ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, இத்திட்டத்தின் கீழ் ஆள் எடுப்பதும் பூசலுக்குக் காரணங்களில் ஒன்றாக இருந்ததை நாடறியும்.

ஆலையை விட்டுத் துறைமுகத்துக்கு வாருங்கள். ஒரு காலத்தில் வாயிலிலே கூட்டமாய் நின்றவர்களில் மேஸ்திரியின் விரல் யாரைச் சுட்டியதோ அவருக்கு அன்று சோறு, மற்றவருக்குப் பட்டினி. அந்தக் கொடுமையை ஒழிக்கவே 1948 இல் கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் ஏறியது. எண்ணூரில் 2001 இல் தொடங்கிய துறைமுகம், 2014 முதல் காமராசர் துறைமுகம் என்று வழங்குவது, வேறு முறையில் அமைந்தது. நிலமும் நீர்வழியும் துறைமுக நிறுவனத்துக்கு. சரக்கு முனையங்கள் பலவற்றை நடத்துவோர் பிறர். ஆகவே துறைமுக நிறுவனத்தின் காலியிட அறிவிப்பை மட்டும் படிப்பவனுக்கு அங்கே சரக்கு இறக்குவோர் யாரென்று தெரியாது. முனையத்தின் அறிவிப்பு, பாரந்தூக்கி ஓட்ட ஆள் தேடும் குத்தகைக்காரரின் அறிவிப்பு, லாரி ஓட்டுநருக்கான அறிவிப்பு எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு துறைமுகம்! அன்று விரலைக் கண்ணால் கண்டோம். இன்று அது கைப்பேசிக்குள் ஒளிந்திருக்கிறது.

"இது உளவு வேலையல்லவா?" என்று சிலர் முகஞ்சுளிப்பர். ஊரறிய ஒட்டியதைப் படிப்பதா உளவு? ஆள்களின் பெயரை நாம் தேடவில்லை, பதவிகளைத்தான் எண்ணுகிறோம். காலியிடம் என்பது முதலாளியின் வீட்டு இரகசியமன்று, நாட்டுக்குத் தெரிய வேண்டிய செய்தி என்பதை நாடாளுமன்றமே 1959 இல் ஒப்புக்கொண்டது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று அன்று சட்டம் செய்தார்கள். ஆனால் மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலைக்கு விலக்கு! அந்த ஓட்டை வழியே எத்தனை ஆயிரம் பேர் கணக்கிலிருந்து நழுவியிருப்பர்!

விளம்பரமே வேதம் என்றும் சொல்லமாட்டேன். ஒரே இடத்துக்கு மூன்று தரகர் விளம்பரம் செய்தால் மூன்று இடமாகத் தோன்றும். பதவி உயர்வால் நிரம்பும் இடம் விளம்பரத்துக்கே வராது. அழைத்துவிட்டு எடுக்காமலும் விடுவார்கள். ஆகவே தாளில் படித்ததை உள்ளே வேலை செய்யும் தோழரிடம் கேட்டுச் சரிபாருங்கள். அரசு நிறுவனமாயின் 2005 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள்.

இது சங்கத்துக்கு மட்டுமா? ஊருக்கும் உரிய வேலை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தவர்கள் பெரியகுப்பத்துத் தாய்மார்களும் குழந்தைகளும்! நச்சுப்பொருளின் பக்கத்தில் படுத்துறங்கும் மக்கள், அதைக் காக்கும் பிரிவில் எத்தனை பேர், அவர்கள் நிலையானவர்களா, நேற்று வந்து நாளை போகிறவர்களா என்று கேட்கக்கூடாதா? அந்தக் கேள்வியைக் குருட்டாம்போக்கில் கேட்டால் சிரிப்பார்கள். விளம்பரக் கட்டோடு போய்க் கேளுங்கள். பதில் சொல்லியே தீரவேண்டும்.

நம்மை எடுக்கும்போது அவர்கள் நம் படிப்பை, வயதை, ஊரை, உடல்நலத்தைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். நாம் அவர்களைப் பற்றி எழுதி வைத்தது என்ன? ஒன்றுமில்லை! இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள், தோழர்களே. தேதி, நிறுவனம், பதவி, எண்ணிக்கை, மேலதிகாரி என ஐந்து கோடு கிழியுங்கள். அடுத்த ஊதியப் பேச்சில், "எங்களிடம் ஒப்பந்தத் தொழிலாளர் சிலர்தாம்" என்று நிர்வாகம் சொல்லும்போது, அந்த ஏட்டை எடுத்து மேசைமேல் வையுங்கள்.

அவர்கள் எழுதியதுதான். நாம் படித்துக் காட்டுவோம்!