தலையை நீக்கிவிட்டால் கடமை தீர்ந்ததா?



அண்மையில் உறவினர் வீட்டு விருந்தொன்றில் கல்லூரி மாணவர் ஒருவர் தாம் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைக் காட்டினார். யாவும் கடைவீதிகளில் எடுத்தவை. யாவற்றிலும் ஜவுளிக்கடைப் பொம்மைகள். பார்த்த பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். "சிலைகளைப் படம் பிடித்துக்கொண்டு திரிகிறாயே வாப்பா, இது நம் பிள்ளைகள் செய்கிற வேலையா? நம் கடைக்கு வந்து பார், ஒரு பொம்மைக்கும் தலை கிடையாது" என்றார். அந்தப் பிள்ளை மறுவார்த்தை பேசாமல் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டது. அது சொல்லாத பதிலை நான் எழுத விழைகிறேன்.

பொம்மையின் தலையை நீக்கும் வழக்கம் ஆதாரமற்றதன்று. உருவச்சிலை இருந்த காரணத்தால் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வீட்டினுள் நுழையாதிருந்ததும், அதன் தலையை நீக்கி மரத்தின் வடிவாக்கிவிடுமாறு நபி (ஸல்) அவர்களிடம் கூறியதும் அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளன. இதனைப் பேணும் வணிகர்களை நான் மதிக்கிறேன். என் மறுப்பெல்லாம், அத்துடன் கணக்கு முடிந்துவிட்டது என்னும் மனநிறைவின் மீதுதான்.

கடைப் பொம்மைகளைப் படம் பிடித்தோருள் முன்னோடியாக மதிக்கப்படுபவர், பாரிஸ் நகரில் வாழ்ந்து 1927-இல் மறைந்த யூஜீன் அட்ஜே. கனத்த கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து தெருத்தெருவாக நடந்தவர். தம் படங்களைக் கலை என்று அவர் பெருமை பேசியதில்லை. ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் ஆவணங்களாக விற்றே பிழைத்தார். 1912-இல் ஸ்ட்ராஸ்பூர் பெருவீதியில் இடுப்புக் கச்சை விற்கும் கடையொன்றை அவர் படம் எடுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகப் பெண்ணுடல் வடிவங்கள். கச்சைகளால் இறுக்கப்பட்ட இடைகள். அவற்றிற்குத் தலையில்லை.

தலை இல்லாததால் அவ்வடிவங்கள் கண்ணியம் பெற்றனவா? இல்லை. முகம் போயிற்று, பேசும் வாய் போயிற்று. விற்பனைக்கு வேண்டிய இடையும் மார்பும் மட்டுமே எஞ்சின. தலையை நீக்குவது உருவம் பற்றிய கேள்விக்கு விடையாகலாம்; ஹயா பற்றிய கேள்விக்கு விடையாகாது. நம் கடைவீதியிலும் தலையில்லாப் பொம்மைக்கு அபாயா உடுத்தி, முதுகுப்புறம் ஊசி குத்தி உடலோடு இறுக்கி நிறுத்தியிருப்பதை நீங்கள் கண்டதில்லையா? உடலை மறைக்கவென்று தைத்த ஆடையை உடலைக் காட்டி விற்கிறோம். நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய பாரிஸ் கடைக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

1925 வாக்கில் கோபெலின்ஸ் வீதியில் அட்ஜே எடுத்த படமொன்றில் ஆண் பொம்மைகள் புன்னகைத்து நிற்கின்றன, உடைகளில் விலைச்சீட்டுகள். எதிர்ப்புறத் தெரு கண்ணாடியில் விழுந்து பொம்மைகளோடு கலந்துவிடுகிறது. எது கடை, எது தெரு, யார் பொம்மை, யார் மனிதர் என்று கண் தடுமாறுகிறது. வண்ணமே கடையின் தூண்டில். அதைக் கறுப்பு வெள்ளைப் படம் நீக்கிவிடுகிறது. ஆசை அடங்கி, பார்வை தெளிகிறது. இவ்வாறு பார்க்கப் பழகிய பிள்ளையையா நாம் கண்டிக்கிறோம்?

"உருவத்தைப் படம் எடுப்பதே கூடாதே" என்பீர்கள். இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ அவர்கள், புகைப்படம் என்பது நிழலைத் தடுத்து நிறுத்துவதே, படைப்பன்று என விளக்கி அனுமதித்தார்கள். நம் வீட்டுத் திருமண ஆல்பங்களுக்கு அந்த அனுமதியை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டு, ஒரு பிள்ளையின் கேமராவுக்கு மட்டும் மறுப்பது நேர்மையாகாது. தெருவில் செல்லும் அந்நியப் பெண்களின்பால் கேமராவைத் திருப்பாமல் பொம்மைகளின்பால் திருப்பியதற்காக அவரை நாம் பாராட்டியிருக்க வேண்டும்.

பொம்மையின் தலையிலேயே மார்க்கத்தைத் தேடினால் என்னவாகும்? 2022 தொடக்கத்தில் ஆப்கானின் ஹெராத் நகரில் கடைப் பொம்மைகளின் தலைகளை நீக்க ஆணையிடப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில், அந்நாட்டில் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவியருக்காகத் திறந்த பள்ளிகள் சில மணி நேரத்திலேயே மூடப்பட்டன. பொம்மையைப் பற்றிய கவலை உயிருள்ள பெண்ணைப் பற்றி எழவில்லை.

அவர்களைக் குறை கூறிவிட்டு நாம் தப்பிக்க இயலாது. பெருநாள் துணி எடுக்கச் செல்கிறோமே, அப்பொம்மையின் அருகில் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கும் பெண்ணை என்றேனும் பார்த்தோமா? கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. பொம்மைக்குக் கால் வலிக்காது; அவளுக்கு வலிக்கும். நாள் முழுதும் அவளை நிறுத்தி வைக்கும் கடை, அவளையும் ஒரு பொம்மையாகவே எண்ணுகிறது.

ஆகவே வணிகம் செய்யும் சகோதரர்களுக்கு என் வேண்டுகோள்: அபாயாவை உடல் வடிவின்மீது இறுக்காதீர்கள்; ஹேங்கரில் தொங்கவிடுங்கள், ரிஸ்க் குறைந்துவிடாது. பணிபுரியும் பெண்களுக்கு நாற்காலி போடுங்கள். துணி எடுக்கச் செல்லும் தாய்மார்களே, விலை கேட்கும்போதே அந்த நாற்காலி எங்கே என்றும் கேளுங்கள். அந்த மாணவரைப் போன்ற பிள்ளை உங்கள் வீட்டிலிருந்தால், படங்களை மறைக்க வைக்காமல் அருகில் அமர்ந்து பாருங்கள். நம் கடையின் படமும் அவற்றுள் இருக்கக்கூடும்.

தலையை நீக்கிய கைகளுக்கு, உயிருள்ளவர்களின் கண்ணியத்தைக் காக்கும் தவ்ஃபீக்கையும் அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.