கல்லூரித் திரைக்குக் காவல் ஏன்?

கல்லூரியிலே படம் காட்ட விரும்பும் மாணாக்கர் இரண்டு வாயில்களில் நிற்கவேண்டும். படத்துக்கு உரியவர் வாயில் ஒன்று. தணிக்கை அதிகாரியின் வாயில் மற்றொன்று. முன்னவரிடம் கேட்பது நியாயம். பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கூலி கொடாது பாலை மட்டும் கொண்டு போகலாமோ? படத் தட்டை விலைக்கு வாங்கியதனாலேயே மண்டபத்தில் பலர்முன் காட்டும் உரிமை வந்துவிடாது. கட்டணம் வாங்காவிடினும் அது பகிரங்கக் காட்சியே.

எமது வழக்கெல்லாம் பின்னவரோடுதான்.

2014இல் சிங்கப்பூரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். தான் பின் பின் அம்மையார் எடுத்த 'டு சிங்கப்பூர், வித் லவ்', அரசியல் காரணத்தால் நாடு துறந்து அந்நிய மண்ணில் முதுமை எய்தியவர்களைப் பற்றிய செய்திப்படம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக அரும்பொருளகம் அதனைக் காட்டவிருந்தது. தேசப் பாதுகாப்புக்குப் பங்கம் என்று கூறி, எவ்வயதினர்க்கும் பகிரங்கமாகக் காட்டலாகாதென அதிகாரிகள் செப்டம்பர் 10ஆம் நாள் விதித்தனர். காட்சி நின்றது. விளைவு யாது? அதே மாதத்தில் சிங்கப்பூரர் பல நூற்றுவர் பாலங்கடந்து ஜொகூர் பாருவிலே பார்த்துத் திரும்பினர்! வகுப்பிலே பாடத்துக்காகக் காட்டலாமாம். பக்கத்து மண்டபத்தில் ஊராரும் வந்தமரக் காட்டலாகாதாம். சுவருக்கு இப்புறம் கல்வியாயிருப்பது அப்புறம் ஆபத்தாவது எங்ஙனம்?

ஒரு தரப்புக் கதையில் மக்கள் மயங்கிவிடுவர் என்பர். மயங்காதிருக்கப் பயிற்றுவதற்கன்றோ சர்வகலாசாலை? படம் பொய்யுரைத்தால், விளக்கு எரிந்ததும் எழுந்து மறுக்கும் பேராசிரியர் அங்கேயே இருக்கிறார். எந்தப் படக்கொட்டகையில் இவ்வசதி உண்டு?

பாலத்துக்கு வடக்கேயும் நிலை மேலன்று. 2013 ஜூலை 3ஆம் நாள், இலங்கைப் போரின் இறுதி மாதங்களைக் காட்டும் 'நோ ஃபயர் ஸோன்' கோலாலம்பூரில் ஒரு மண்டபத்திலே திரையிடப்பட்டது. நம்மினத்தார் மடிந்த காட்சி அது! தணிக்கை வாரியத்தின் அனுமதியில்லாப் படமென்று, காட்சியில் பங்குகொண்ட அம்மையார் ஒருவர்மீது வழக்குத் தொடுத்தனர். 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம். இதனைக் கண்டபின் எந்தக் கல்லூரித் தலைவர் மாணாக்கரின் விண்ணப்பத்தில் துணிந்து கையெழுத்திடுவார்?

அந்நாளில் தோட்டத் திடலிலே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியபோது, எதைப் பார்க்க விருப்பமென்று நம்மைக் கேட்டவர் இல்லை. பட்டப்படிப்புக்குப் போன பேரப்பிள்ளையையும் அதே புல்தரையில் உட்காரவைப்பதோ? 2022 பொதுத்தேர்தலில் மலேசியாவின் 18 வயதினர் அரசையே தேர்ந்தெடுத்தனர். அவர்தம் கல்லூரி வளாகத்துள் காட்டும் படத்துக்கு உரியவரின் இசைவு போதும். தணிக்கை முத்திரை வேண்டா. மாணவர் சங்கங்கள் இதனை எழுத்து மூலமே கேட்கட்டும்.